மீண்டும் வாக்குக் கேட்க வரும் ஊராட்சித் தலைவர்

ஊராட்சித் தேர்தல் நெருங்கும் காலத்தில் சிற்றூர்ச் சாவடிகளில் அடிபடும் பேச்சு ஒன்றுண்டு. "இருக்கிறவரே மறுபடியும் நிற்கிறாராமே!" என்பது அது. நிற்பதில் குற்றம் ஏதுமில்லை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஒருவர் இத்தனை முறைதான் தலைவராக இருக்கலாம் என்று வரம்பு கட்டவில்லை. நன்கு உழைத்தவரை மக்கள் மீண்டும் விரும்புவதும் இயல்பே. ஆயினும், ஊராட்சியின் சாவியும் முத்திரையும் காசோலைப் புத்தகமும் கையிலுள்ள ஒருவர், அவை இல்லாத மற்றொருவரோடு போட்டியிடுகிறார் என்பதை நாம் மறத்தலாகாது. உழவுப் போட்டிக்கு ஒருவர் ஏரோடும் மாட்டோடும் வர, மற்றவர் வெறுங்கையோடு வருவது போன்றது இது. அந்த ஏரும் மாடும் அவருடைய சொந்தமாக இருந்தாலும் போகட்டும். அவை ஊராருக்குச் சொந்தமானவை.

இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்தவே நடத்தை விதிகள் ஏற்பட்டுள்ளன. தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள்முதல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. புதிய பணி எதையும் தொடங்கலாகாது. பணி ஆணை வழங்கப்பட்டிருந்தாலும், களத்தில் மண்வெட்டி விழாத வேலையை அப்பொழுது தொடங்குதல் கூடாது. முன்னரே தொடங்கிய வேலை தொடரலாம். முடிந்த வேலைக்கு, அளவெடுத்து அலுவலர் நிறைவடைந்த பின் பணம் கொடுக்கலாம். ஊராட்சி அலுவலகம், வாகனம், ஒலிபெருக்கி ஆகியவை பிரசாரத்திற்குப் பயன்படலாகா. பொதுப்பணத்தில் விளம்பரம் கூடாது. இவை பலரும் கேட்டறிந்தவையே.

இவ்விதிகளைக் காட்டிச் சிலர் வேறொரு தவறு செய்வதுண்டு. தெருக்குழாய் உடைந்து மூன்று நாளாகத் தண்ணீர் வீணாகிறது என்று சொன்னால், "தேர்தல் நேரம், ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கையை விரித்து விடுகிறார்கள். இது சரியன்று. குடிநீர் வழங்குதல், தெருவிளக்கு எரியச் செய்தல், குப்பை அகற்றுதல், கிணற்றுக்குக் குளோரின் இடுதல் ஆகியவை நாள்தோறும் நடக்கவேண்டிய கடமைகள். உடைந்த குழாயைச் சீர்செய்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. தலைவரின் தெருவில் மட்டும் குழாயைச் சீர்செய்து, எதிர்த்து நிற்பவரின் தெருவில் விட்டுவிடுவதுதான் தடுக்கப்பட வேண்டியது.

இனி, நாம் முக்கியமாகக் கூற விரும்பும் செய்திக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டுத் தேர்தல் அறிவிப்பு டிசம்பர் முதல் வாரத்தில் வெளிவந்தது; வாக்குப்பதிவு டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடந்தது; எண்ணிக்கை 2020 ஜனவரி 2-இல் தொடங்கியது. ஆக, நடத்தை விதிகள் நடைமுறையில் இருந்த காலம் ஏறத்தாழ ஒரு மாதமே. தலைவரின் பதவிக்காலமோ 60 மாதங்கள். அந்த ஒரு மாதத்தில் அலுவலர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். அதற்கு முந்திய ஓராண்டில் நடப்பவற்றைத் தடுக்க நடத்தை விதி ஏதும் இல்லை. தேர்தலைக் கெடுப்பவை பெரும்பாலும் அந்த ஓராண்டில்தான் நடக்கின்றன என்பது பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பவர்க்குத் தெற்றென விளங்கும்.

வீட்டு வரியை எடுத்துக்கொள்வோம். பதவியின் முதல் மூன்று ஆண்டுகளில் ஒழுங்காக நடந்த வசூல், கடைசி ஆண்டில் இறங்கிவிடும் ஊராட்சிகள் உண்டு. மழை பொய்த்ததா என்றால் இல்லை. விளைச்சல் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. "இப்போது போய்க் கேட்டால் முகம் சுளிப்பார்கள், தேர்தல் முடியட்டும்" என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கும். இதில் கையூட்டு இல்லை, கையாடல் இல்லை, சட்டத்தின் கண்ணில் படும் செயலே ஒன்றும் இல்லை. ஆனால் ஊரின் பணத்தைக் கொண்டு ஒருவர் தமக்கு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறார் என்பதில் ஐயமில்லை. மோட்டார் பழுதாகும்பொழுது மாற்றக் காசிராது. அந்தத் துன்பம் அடுத்து வருபவர் தலையில் விழும்; அவர் கடுமையாக வசூலித்தால் அவருக்குக் கெட்ட பெயர் வரும். வரியை ஒழுங்காகக் கேட்டு வாங்கிய தலைவர் தோற்பாரோ என்ற அச்சம் இயற்கையே. ஆனால் அவருக்கும் ஒரு வழி உண்டு. ரசீதுப் புத்தகத்தில் முதல் ரசீது தம் வீட்டுடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுதலே அது. அதன்பின் எவரிடமும் அவர் துணிந்து கேட்கலாம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அறிவிப்புக் கொடுக்கப்பட்ட வரி நிலுவையைச் செலுத்தாதவர் வேட்பாளராகத் தகுதியற்றவர் என்பது சட்டம். ஆதலின் வேட்புமனுத் தாக்கல் செய்யும் வாரத்தில் ஊராட்சி அலுவலக வாசலில் கூட்டம் நெரியும். ஐந்தாண்டு வசூலாகாத நிலுவை ஐந்து நாளில் வசூலாகிவிடும்! ஆண்டுதோறும் தேர்தல் வந்தால் நம் ஊராட்சிகள் செல்வச் செழிப்போடு விளங்கும் போலும்.

அடுத்தது பயனாளிகள் பட்டியல். வீட்டு வசதித் திட்டம், குழாய் இணைப்பு, ஊரக வேலைத் திட்டம் ஆகிய எதுவாயினும், உதவி பெறத் தகுதியுடையவர் யார் என்பதை விதிகளும் கணக்கெடுப்பும் கிராம சபையும் தீர்மானிக்கின்றன. தலைவர் தம் பையிலிருந்து தருவது அன்று அது. இருந்தும், பட்டியலைத் தம் மேசையறையில் பூட்டி வைத்துக்கொண்டு, "உன் பெயர் இருக்கிறது, தேர்தலுக்குப் பின் பார்த்துக்கொள்வோம்" என்று ஒருவரிடமும், "உன் பெயரைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்" என்று மற்றொருவரிடமும் சொல்லிக் காலம் கடத்துவோர் உளர். ஒரு சிற்றூரில் கணவனை இழந்த மூதாட்டி ஒருவர், வாக்களிக்கத் தவறினால் தம் வீட்டுக் குழாயைத் துண்டித்துவிடுவார்கள் என்று மெய்யாகவே நம்பியிருந்ததை நாம் அறிவோம். துண்டிப்பேன் என்று எவரும் அவரிடம் நேரிற் சொல்லவில்லை. "தண்ணீர் வருகிறதா பாட்டி? நான் இருக்கிற வரைக்கும் வரும்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று. தலைவர் மாறினாலும் குழாயில் தண்ணீர் வரும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அவ்வூரில் ஒருவரும் முன்வராததுதான் நம்மை வருத்தியது.

வாக்காளரின் உரிமையில் தலையிடும் மிரட்டல், பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தெய்வ கோபத்திற்கு ஆளாவாய் என்று நம்பச்செய்து வாக்கைத் திருப்புவதும் அதே பிரிவில் அடங்கும். கோயில் வாசலில் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்குகிறவர்கள் இதைக் கருத்திற் கொள்வார்களாக. அத்தகைய சத்தியத்திற்குக் கட்டுப்படத் தேவையில்லை என்பதை வாக்காளர்களும் அறிதல் நன்று. வாக்கு மறைவானது, பெட்டிக்குள் போனபின் அது எவருடையது என்று கண்டறிய வழியில்லை.

கையூட்டைப் பற்றி 170-ஆம் பிரிவு கூறுகிறது. கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. விருந்து வைப்பதும் இதனுள் அடங்கும். ஆனால் பொதுக்கொள்கையை அறிவிப்பதோ, பொதுச்செயலைச் செய்வதாக வாக்குறுதி தருவதோ குற்றமன்று என்று அப்பிரிவே தெளிவாக்குகிறது. "ஏரிக்கரையைப் பலப்படுத்துவேன்" என்று சொல்லி வாக்குக் கேட்கலாம். "உன் வயலுக்குப் போகும் வாய்க்காலை மட்டும் முதலில் தூர்வாருவேன்" என்று காதோடு சொல்வது வேறு வகையைச் சேர்ந்தது. எல்லோர் முன்னிலையிலும் உரக்கச் சொல்ல முடியுமா என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்த்தால் வேட்பாளருக்கே வேறுபாடு புலப்படும்.

சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டு, அதிகத் தொகை தருபவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் தலைகாட்டுகிறது. 2019 தேர்தலின்பொழுதும் இத்தகைய செய்திகள் நாளேடுகளில் வந்தன. தொகை கோயில் திருப்பணிக்குத்தானே போகிறது என்று சமாதானம் சொல்வார்கள். கோயிலுக்குப் போனாலும் குளத்துக்குப் போனாலும், வாக்குரிமை விலைக்குப் போயிற்று என்பது மாறாது. பல இலட்சம் கொடுத்துப் பதவிக்கு வந்தவர் அதை எங்கிருந்து மீட்பார் என்று ஊரார் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏலத்தில் கலந்துகொள்ள இயலாத ஏழை உழவனும் கூலியாளும் வேட்பாளராகும் உரிமையை அன்றே இழந்துவிடுகிறார்கள். மனமொத்துப் போட்டியின்றி ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வேறு, ஏலம் வேறு.

ஊராட்சியின் பணியாளர்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர், ஊராட்சி செயலர் ஆகியோர் தலைவரை நாள்தோறும் எதிர்கொள்பவர்கள். தொட்டி இயக்குபவரின் ஊதியம் சிறிது. அதுவும் தலைவர் கையொப்பமிட்டால்தான் வரும். "மாலையில் ரெண்டு சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போப்பா" என்றால் அவரால் எங்ஙனம் மறுக்க முடியும்? கேட்பவருக்கு அது சிறிய உதவி. கேட்கப்படுபவருக்கோ அடுத்த மாதச் சோறு. அதனால்தான் கேட்பதே தவறு என்கிறோம். அவர் விரும்பித்தான் செய்தார் என்ற மறுமொழி இவ்விடத்தில் செல்லாது. ஊராட்சி செயலரும் எந்த வேட்பாளருக்காகவும் பிரசாரம் செய்தல் கூடாது. வளர்ச்சி அலுவலர்களாகிய நமக்கும் இது பொருந்தும். நன்கு பழகிய தலைவர் மீண்டும் வந்தால் வேலை எளிதாக நடக்கும் என்று எண்ணும் அலுவலரும் உண்டு. அந்த எண்ணத்தை மனத்தளவில் நிறுத்திக்கொள்ளுதல் அவர் கடமை.

இனிப் பழைய செய்தி ஒன்றைக் காண்போம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியத்திற்கு 6 பேரையும் தோட்ட வாரியத்திற்கு 12 பேரையும் ஆண்டு வாரியத்திற்கு 12 பேரையும் அமர்த்தினார்கள். குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அந்தக் கல்வெட்டிலுள்ள மற்றொரு விதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. முந்திய மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் இடலாகாது. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனர் என்று உறவினர் பெயர்களும் விலக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவன் தன் மைத்துனனை நிறுத்திப் பின்னாலிருந்து ஆட்டுவிப்பான் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

அந்தச் சபை அந்தணர் ஊரின் சபை. நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. பெண்டிர்க்கும் நிலமற்றோர்க்கும் பிற சாதியாருக்கும் அங்கே இடமில்லை. ஆதலின் அதை அப்படியே மக்களாட்சி என்று கொண்டாடுவதற்கு நாம் உடன்படோம். இன்றைய ஊராட்சியில் 18 வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்குண்டு. பதவிகளிற் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பழைய விதியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. அவர்கள் மறுமுறை வருவதற்கு மூன்றாண்டு இடைவெளி வைத்தார்கள். கணக்குத் தராதவரைக் குடத்தருகே வரவிடவில்லை. நாம் அந்த இடைவெளியை வைக்கவில்லை. ஐந்தாண்டு இருந்தவர் ஆறாம் ஆண்டும் தொடரலாம் என்று விட்டிருக்கிறோம். ஏனெனில் தீர்ப்பை வாக்காளரிடம் ஒப்படைத்துவிட்டோம். ஆனால் கணக்கைக் காணாத வாக்காளர் எதைக்கொண்டு தீர்ப்பளிப்பார்?

ஆகவே மீண்டும் நிற்க எண்ணும் தலைவர் செய்யத்தக்க முதற் செயல், தேர்தல் அறிவிப்பு வருமுன்பே ஐந்தாண்டுக் கணக்கைக் கிராம சபையில் வைத்தல். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூட்டப்பெற்று வந்துள்ளது. "வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு" என்று இரண்டு வரி படித்துவிட்டு நன்றி கூறிக் கலைவது கணக்கு வைத்ததாகாது. எந்தத் தெருவில் எந்த வேலை, மதிப்பீடு எவ்வளவு, அளவுப் புத்தகத்தில் பதிந்தது எவ்வளவு, பணம் பெற்றவர் யார், பணம் வந்த வழி எது என்று பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். பணம் வந்த வழியைச் சொல்லும்பொழுது உண்மையைச் சொல்லுதல் வேண்டும். ஒன்றிய நிதிக்குழு மானியத்தில் போட்ட சாலையும், மாநில நிதிக்குழு மானியத்தில் வாங்கிய விளக்கும், ஊராரின் வரிப்பணத்தில் மாற்றிய மோட்டாரும் தனித்தனியே தெரியட்டும். "நான் போட்ட சாலை" என்று துண்டறிக்கையில் அச்சிடுவதைக் காட்டிலும், "நம் ஊருக்கு வந்த பணத்தை இவ்வாறு செலவிட்டோம்" என்று சொல்வது நயமாகவும் இருக்கும், மெய்யாகவும் இருக்கும். காசோலையில் துணைத் தலைவரின் கையொப்பமும் இருப்பதால், பெருமையிலும் பழியிலும் அவருக்கும் பங்குண்டு.

உறுப்பினர்களுக்கும் இதில் கடமையுண்டு. தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, தேர்தல் வந்ததும் "எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் தலைவர் செய்தது" என்று பிரசாரம் செய்வது முறையாகாது. கையொப்பமிட்ட தீர்மானத்திற்கு அவரும் பொறுப்பாளரே. மேலும், ஊராட்சியின் ஒப்பந்த வேலையில் பங்குடையவர் வேட்பாளராக முடியாது. இதற்கு அஞ்சித் தம்பி பெயரிலும் மனைவி பெயரிலும் ஒப்பந்தம் எடுப்போர் உளர். ஏட்டில் அது தப்பிப் போகலாம். ஊரார்க்கு மட்டும் தெரியாமற் போகாது.

சுழற்சியினால் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்படும்பொழுது, இருந்த தலைவர் தம் மனைவியை நிறுத்துவது பல ஊர்களில் காணப்படுகிறது. அந்த அம்மையார் தாமே நிர்வகிக்க முன்வந்தால் வரவேற்க வேண்டியதே. கணவர் நாற்காலியில் அமர்ந்து, அம்மையார் வீட்டிலிருந்தபடி கையொப்பமிடுவதாக இருந்தால் அது ஒதுக்கீட்டின் நோக்கத்தையே கெடுக்கும். கணவரின் ஐந்தாண்டுக் கணக்கைப் பற்றி அம்மையாரிடம் கேள்வி கேட்க வாக்காளர்க்கு உரிமையுண்டு.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்கு வந்தன. அந்நாளோடு தலைவர் முன்னாள் தலைவராகிவிட்டார். பதவியின் பெயர் எழுதிய பலகையை வண்டியிலிருந்து எடுத்துவிடுதலும், ஊராட்சியின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் எழுதாதிருத்தலும், தொட்டி இயக்குபவருக்கு ஆணையிடாதிருத்தலும் அன்று முதலே அவர்க்குரிய ஒழுங்கு. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த 9 மாவட்டங்களுக்கும், அவ்வவற்றின் பதவிக்காலம் முடியும் நாளில் இதுவே முறை.

தேர்தல் செலவுக்கும் வரம்புண்டு. 2019 தேர்தலில் சிற்றூராட்சி வார்டு உறுப்பினர் வேட்பாளர்க்கு ரூ.9,000, தலைவர் வேட்பாளர்க்கு ரூ.34,000, ஒன்றிய வார்டுக்கு ரூ.85,000, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு ரூ.1,70,000 என்று ஆணையம் வரையறுத்தது. வென்றவர் மட்டுமன்றித் தோற்றவரும் முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தல் வேண்டும். கொடுக்கத் தவறினால் மூன்றாண்டுத் தகுதியிழப்பு நேரிடலாம். தோற்ற வருத்தத்தில் இதை மறப்பவர் பலர். செலவு செய்யும்பொழுதே அன்றன்று ஒரு குறிப்பேட்டில் எழுதி, சீட்டுகளைச் சேர்த்து வைப்பது எளிது. முறைகேடு நடந்ததாகக் கருதுபவர் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனுக் கொடுக்கலாம். வாக்கு எண்ணும் இடத்தில் கூச்சலிடுவதால் பயனில்லை.

முடிவு எவ்வாறாயினும், பொறுப்பை ஒப்படைக்கும் நாளுக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ரொக்கப் புத்தகம் அன்றைய நாள்வரை எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கிக் கணக்கு ஏட்டோடு அது பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரசீதுப் புத்தகங்களில் எழுதியவை எத்தனை, எழுதாதவை எத்தனை என்று எண்ணி வைக்க வேண்டும். தீர்மானப் புத்தகம், வரி நிலுவைப் பதிவேடு, அளவுப் புத்தகம், மின்கட்டணச் சீட்டுகள், இருப்பிலுள்ள விளக்குகள், குழாய்கள், குளோரின் ஆகியவற்றுக்குப் பட்டியல் எழுதி இரு தரப்பிலும் கையொப்பமிடுதல் நன்று. சாவிக் கொத்தில் மோட்டார் அறைச் சாவியும் தொட்டி வளாகச் சாவியும் இருக்கின்றனவா என்று தனியே பார்த்து ஒப்புகை பெறவேண்டும். புதிய தலைவர் பதவியேற்ற மறுநாட் காலையிலும் ஊருக்குத் தண்ணீர் வந்தாக வேண்டுமன்றோ?